எழுதாமல் விட்ட கட்டம்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் அதிகாரத்தை இரண்டு முறை எழுதினேன். முதலில் எழுதிய 62 பக்கங்களில் ஒன்றுகூட அச்சுக்குப் போகவில்லை. நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் தலைப்பில், அதாவது தண்ணீரைப் பிரித்துவிடும் இடத்தில், ஷட்டர் கொட்டகையின் ஆணியில் தொங்கிய பதிவேட்டில் ஒரே ஒரு கட்டத்தைப் பார்த்த பிறகு அந்தப் பக்கங்களை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கட்டத்தில் எண் இல்லை. குட்டையாக ஒரு கோடு இழுத்திருந்தது, அவ்வளவுதான்.

பிழைதிருத்தக் குறிகளிலோ (அனுப்பும் செய்தியில் நேரும் பிழையைப் பெறும் பக்கமே கண்டு திருத்த உதவும் கணித முறைகள்) வலைப்பின்னல் ஆய்விலோ இறங்க நினைக்கும் மாணவர்கள் என்னிடம் வந்து, எந்தப் பாடத்தை முதலில் படிப்பது, எந்த மென்பொருள் நல்லது என்று கேட்கிறார்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். ஆனாலும் இந்தக் கட்டத்தின் கதையைச் சொல்லாமல் யாரையும் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பாமணியாற்றுப் பாசனம். கல்லணையில் காவிரியிலிருந்து பிரிந்து வரும் வெண்ணாறு, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. அப்பாவுக்கு அரை வேலி நிலம், அதுவும் கடைமடையில். வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணையைத் திறப்பார்கள். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டுவது அதற்கும் எத்தனையோ நாள் கழித்துத்தான். தலைப்பில் எவ்வளவு வந்தது, அதில் நம் பங்கு எவ்வளவு, எந்த இடத்தில் யார் அடைத்தார்கள் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். ஒரு தலைப்பில் வந்த தண்ணீரும் அங்கிருந்து பிரிந்து போன தண்ணீரும் சமமாக இருக்க வேண்டும் என்பதை நான் கணக்கு வகுப்பில் கற்கவில்லை. திண்ணையில் கற்றேன்.

கும்பகோணத்தில் எம்.எஸ்சி. கணிதம் படித்தபோதுதான் ஹாமிங் குறியை முதன்முதலாகப் பார்த்தேன். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதியில் கணிப்பொறியில் வேலையைக் கொடுத்துவிட்டுப் போவார். நடுவில் எங்காவது பிழை நேர்ந்தால் அந்தப் பொறி அவருடைய வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை நேர்ந்திருக்கிறது என்று பொறிக்குத் தெரியுமானால், எந்த இடத்தில் நேர்ந்தது என்று கண்டுபிடித்து அதுவே ஏன் திருத்திக்கொள்ளக் கூடாது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த கட்டுரை 1950இல் வெளியானது. பூச்சியமோ ஒன்றோ ஆன நான்கு செய்தி பிட்டுகளோடு மூன்று சோதனை பிட்டுகளைச் சேர்க்கிறோம். மூன்று சோதனைகளுக்கும் சேர்த்து எட்டு விதமான விடைகள் வரலாம். ஏழு இடங்களில் எந்த இடத்தில் பிழை என்று சொல்ல ஏழு விடைகள். பிழையே இல்லை என்று சொல்ல எட்டாவது. ஒரு விடைகூட வீணாகவில்லை. அந்தச் சிக்கனத்தைப் பார்த்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

புதிதாக வருகிறவர்கள் இதைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். நிரல் வேண்டாம். நான்கு செய்தி பிட்டுகளிலிருந்து கிடைக்கும் ஏழு பிட் நீளக் குறிச்சொற்கள் பதினாறையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஏதாவது இரண்டை எடுத்துக்கொண்டு எத்தனை இடத்தில் வேறுபடுகின்றன என்று எண்ணுங்கள். எந்த இரண்டை எடுத்தாலும் குறைந்தது மூன்று இடங்களில் வேறுபடும். இப்படி வேறுபடும் இடங்களின் எண்ணிக்கையைத்தான் தொலைவு என்கிறோம். அந்த மூன்றை உங்கள் விரலால் எண்ணி உணர்ந்தபின் மேலே உள்ள தேற்றங்கள் எல்லாம் தெரிந்த முகங்களாக வரும். எண்ணாமல் நேராக மென்பொருளுக்குப் போனவர்கள் இரண்டு ஆண்டு கழித்தும் 'தொலைவு' என்ற சொல்லைச் சூத்திரமாகவே பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்தது அடர்த்தி குறைந்த பாரிட்டிக் குறிகள், அதாவது ஒவ்வொரு சோதனையும் சில பிட்டுகளை மட்டுமே தொடும் குறிகள். ராபர்ட் கேலகர் 1960களின் தொடக்கத்திலேயே கண்டவை. அன்றைய பொறிகளால் சுமக்க முடியாமல் முப்பது ஆண்டுகள் ஏறக்குறைய மறந்துபோய், 1990களில் மீண்டும் உயிர்பெற்றன. இன்று 5ஜி கைப்பேசியில் தரவு வருவது இவற்றின் துணையோடுதான். இந்தக் குறிகளை 1981இல் மைக்கேல் டேனர் ஒரு படமாக வரைந்தார். ஒரு பக்கம் பிட்டுகள், மறுபக்கம் சோதனைகள், நடுவில் கோடுகள். அந்தப் படத்தைக் கரும்பலகையில் பார்த்த நொடியில் எனக்குத் தோன்றியது எங்கள் வாய்க்கால் வரைபடம்தான்.

ஒவ்வொரு தலைப்பும் ஒரு சோதனை. ஒவ்வொரு வாய்க்காலின் அளவும் ஒரு பிட் போல. வந்தது சமம் போனது.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு தலைப்புக்கு 400 கன அடி வருகிறது. மூன்றாகப் பிரிந்து 150, 130, 120 என்று போகிறது. முதல் வாய்க்கால் கீழே போய் 90, 60 என்று மறுபடி பிரிகிறது. இப்போது யாரோ 150ஐ 180 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். மேல் தலைப்பின் கணக்கு உதைக்கும். கீழ்த் தலைப்பின் கணக்கும் உதைக்கும். இரண்டு தலைப்புக்கும் பொதுவானது அந்த ஒரு வாய்க்கால்தான். பிழை அகப்பட்டுவிட்டது. திருத்தவும் செய்யலாம். அரசுப் பதிவேடுகளில் உள்ள தவறுகளை வீட்டிலிருந்தபடியே இப்படித் திருத்திவிடலாம் என்ற நினைப்பே எனக்குப் போதை போல இருந்தது.

கடைமடையில் கதை வேறு. அந்தக் கடைசி 90, 60 இரண்டுக்கும் கீழே வேறு தலைப்பு இல்லை, வயல்தான். 60ஐ யாராவது 80 என்று எழுதிவிட்டால் மேலே உள்ள ஒரே தலைப்பு மட்டும் உதைக்கும். பிழை 90இல் இருக்கிறதா 60இல் இருக்கிறதா என்று எந்தக் கணிதத்தாலும் சொல்ல முடியாது. அதே இடத்தில் அந்த எண் எழுதப்படாமல் வெறுமையாக இருந்திருந்தால் 150இலிருந்து 90ஐக் கழித்து 60 என்று பிசகில்லாமல் நிரப்பிவிடலாம். இது குறிக்கோட்பாட்டின் முதல் வாரத்துப் பாடம். ஒரு குறியின் குறைந்தபட்சத் தொலைவு 3 என்றால் ஒரு பிழையைத்தான் திருத்தலாம், வெற்றிடம் என்றால் இரண்டை நிரப்பலாம். தொலைவு 2 என்றால் ஒரு பிழையைக்கூடத் திருத்த முடியாது, ஒரு வெற்றிடத்தை நிரப்பலாம். தேர்வில் இதை நான் பிழையில்லாமல் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தெரிந்திருந்தும் என் கையாலேயே மீறினேன்.

2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டு சம்பாப் பருவத்துப் பதிவுகளை எடுத்தேன். ஒரு கிளை வாய்க்காலும் அதன் கிளைகளுமாக 23 இடங்கள். லஸ்கர்கள், அதாவது ஷட்டரையும் நீர்மட்டத்தையும் கவனிக்கும் ஊழியர்கள், காலை ஆறு மணிக்கு அளவுகோலில் நீர்மட்டத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். மட்டத்துக்கு எவ்வளவு கன அடி என்பதற்கு அட்டவணை உண்டு. பதிவேட்டுப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டில் உட்கார்ந்து கணிப்பொறியில் ஏற்றினேன்.

முதல் அடி தண்ணீரின் வேகத்தில் விழுந்தது. எல்லா இடத்திலும் ஆறு மணி அளவையே எடுத்துக்கொண்டு கூட்டிக் கழித்ததால் எல்லாத் தலைப்புகளும் ஒரே நேரத்தில் உதைத்தன. தலைப்பில் ஆறு மணிக்கு ஏறிய தண்ணீர் கீழ்த் தலைப்புக்கு வர மதியமாகும், சில இடத்தில் மறுநாளாகும். அதைக் கணக்கில் சேர்த்த பிறகும் கூட்டுத்தொகை சரியாகப் பூச்சியம் ஆகவில்லை. மணற்பாங்கான படுகையில் தண்ணீர் கசியும், வழியில் யாராவது எஞ்சின் வைத்து இறைப்பார்கள். இத்தனை விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரம்பு வைக்க வேண்டியிருந்தது. பாடநூலில் பூச்சியமும் ஒன்றும் மட்டுமே உள்ள உலகத்திலிருந்து வயலுக்கு வருகிறவர்கள் இந்த வேலைக்குத் தனியாக ஆறு மாதம் ஒதுக்க வேண்டும். நான் ஒதுக்கவில்லை. அவசரப்பட்டேன்.

அவசரம் முழுவதும் வெற்றிடங்களில் தெரிந்தது. பதிவேடுகளில் ஆங்காங்கே கட்டங்கள் காலியாக இருந்தன. நான் பயன்படுத்திய நிரல் காலிக் கட்டத்தைப் பூச்சியம் என்று படித்தது. முறைப்பாசனத்தில் ஷட்டரை இறக்கிவிட்ட நாளுக்கும் பூச்சியம்தான் எண். தண்ணீர் விடாத நாளும், தண்ணீர் எவ்வளவு என்று தெரியாத நாளும் என் கோப்பில் ஒன்றாகிவிட்டன. அதைக் கண்டுபிடித்தபோது நான் செய்தது இன்னும் மோசம். முதல்நாள் அளவையும் மறுநாள் அளவையும் கூட்டி இரண்டால் வகுத்துக் காலிக் கட்டங்களை நிரப்பினேன். அட்டவணை முழுமையாகிவிட்டது. வரைபடம் வழுவழுவென்று வந்தது. கருத்தரங்கில் கைதட்டினார்கள்.

அந்த 62 பக்கம் இதன் மேல் கட்டியதுதான்.

என் நிரல் கண்டுபிடித்த பிழைகளில் ஒன்று, 2019ஆம் ஆண்டுப் பதிவில், ஒரு கடைமடைத் தலைப்பில் இருந்தது. வலப்பக்க வாய்க்காலுக்கு எழுதியிருந்த எண் தவறு என்று நிரல் சொன்னது. சரியான எண்ணையும் அதுவே போட்டுக் காட்டியது. நேரில் உறுதி செய்துகொண்டால் ஆய்வேட்டில் ஒரு வரி சேர்க்கலாம் என்று அச்செடுத்த தாளோடு அந்தக் கொட்டகைக்குப் போனேன். அங்கிருந்த லஸ்கர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஆணியிலிருந்து பதிவேட்டை எடுத்து அந்தத் தேதியைத் திருப்பினார்.

"நான் எழுதியது சரி, ஆயி. அன்றைக்கு நானே படியில் இறங்கிப் பார்த்து எழுதினேன். பக்கத்து வாய்க்காலைப் பார்."

பக்கத்துக் கட்டத்தில் அந்தக் குட்டைக் கோடு இருந்தது.

"இதற்கு ஏன் எழுதவில்லை அய்யா?"

"வெங்காயத்தாமரை வந்து அளவுகோலை மூடிவிட்டது. இரண்டு நாள் எடுக்க முடியவில்லை. தெரியாததை எப்படி எழுதுவது?"

அவர் எழுதாமல் விட்ட கட்டத்தில் நான் சராசரியை எழுதியிருந்தேன். தாமரை அடைத்துக்கொண்டதால் அந்த வாய்க்காலில் தண்ணீர் பாதியாகக் குறைந்து, மீதி வலப்பக்கம் பாய்ந்திருக்கிறது. அவர் அதைச் சரியாக அளந்து எழுதியிருக்கிறார். என் பொய் எண்ணும் அவருடைய மெய் எண்ணும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் எது தவறு என்று முடிவெடுக்க வேண்டிய நிரல், வழுவழுப்பாக இருந்த என் எண்ணை நம்பி, திடீரென்று ஏறியிருந்த அவருடைய எண்ணைக் குற்றவாளி ஆக்கியது. வெறுமையாகவே விட்டிருந்தால் மேலிருந்து வந்த அளவில் அவருடைய எண்ணைக் கழித்து, அடைபட்ட வாய்க்காலின் உண்மையான அளவைக் கணக்கே சொல்லியிருக்கும்.

அவர் கோபப்படவில்லை. மோர் கொடுத்தார். எனக்குத்தான் வீடு வரும் வரை நெஞ்சு அடைத்தது. படிக்காதவர் என்று ஊர் நினைக்கும் ஒருவரின் உண்மையான எழுத்தை, முனைவர் பட்டத்துக்காகப் பிழை என்று அச்சடித்து எடுத்துப் போயிருக்கிறேன்.

அன்று இரவு மடிக்கணினியில் 2018 வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இது எந்த வருஷத்துக் கணக்கு?"

"2018 சம்பா, அப்பா."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "புயல் எங்கே?"

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறியது. மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. எங்கள் கொல்லையில் நின்ற இரண்டு மரங்களும் போயின. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை. எந்த லஸ்கர் அந்த நாள்களில் அளவுகோலைப் பார்க்கப் போவார்? பதிவேடுகளில் அந்த நாள்கள் வெறுமை. அந்த வெறுமையின் இரு முனைகளையும் நான் ஒரு நேர்கோட்டால் இணைத்திருந்தேன். என் வரைபடத்தில் டெல்டாவின் மேல் புயலே அடிக்கவில்லை.

மறுநாள் காலையில் என் நெறியாளருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அதிகாரத்தை முதலிலிருந்து எழுத அனுமதி கேட்டேன். ஓராண்டு தள்ளிப்போகும் என்றார். தள்ளிப்போனது.

இந்த இடத்தில் ஷானனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளாட் ஷானன் 1948இல், செய்தி போகும் வழியான தடம் இரைச்சல் உள்ளதானாலும் அதற்கு ஒரு கொள்ளளவு உண்டு, அதற்குள் நின்றால் பிழையை வேண்டிய அளவு குறைக்கலாம், அதைத் தாண்டினால் முடியாது என்று நிறுவினார். ஒரு தடம் நூற்றில் 11 பிட்டுகளைத் தலைகீழாக மாற்றிவிடுகிறது, எவற்றை மாற்றியது என்று சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 0.5. அனுப்புவதில் ஏறக்குறைய பாதி காவலுக்கே போய்விடும். இன்னொரு தடம் அதே 11 பிட்டுகளை அழித்துவிடுகிறது, ஆனால் இந்த இடங்கள் அழிந்துவிட்டன என்று காட்டிவிடுகிறது. பீட்டர் இலயஸ் 1955இல் ஆராய்ந்த இந்தத் தடத்தின் கொள்ளளவு 0.89. இரண்டு தடங்களும் கெடுப்பது அதே 11தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் ஏதோ ஒன்றை எழுதிவைப்பதற்கும் இடையே இவ்வளவு தொலைவு இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் நான் என் மேசைக்கு முன்னால் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கும்பகோணத்தில் படித்தவள் என்பதால் உ.வே.சாமிநாதையர் நினைவு வராமல் இருக்காது. 1880 முதல் 1903 வரை அந்த ஊர்க் கல்லூரியில்தான் தமிழாசிரியராக இருந்தார். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். ஒருவர் பார்த்து மற்றொருவர் எழுதி, நூற்றாண்டுகளாக இரைச்சல் சேர்ந்துகொண்டே வந்த தடம் அது. எதுகை, மோனை, தளை எல்லாம் அந்தத் தடத்தில் பாட்டுக்குள்ளேயே வைத்த சோதனை பிட்டுகள்: அடியின் இரண்டாம் எழுத்து ஒத்துவரவில்லை என்றால் ஏட்டில் எங்கோ பிசகு. அந்தாதியில் ஒரு பாட்டு விழுந்துவிட்டால் அடுத்த பாட்டின் முதற்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். சீர்காழிச் சம்பந்தரின் பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான். அவன் வராவிட்டால் எந்தப் பாட்டைத் தேட வேண்டும் என்று தெரியும். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இவற்றைவிட வேறொன்று. 1894இல் ஐயர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் இன்றும் அப்படியே வெறுமையாக நிற்கின்றன. சிதைந்த அடிகள் புள்ளிகளாக நிற்கின்றன. யாப்பு அவருக்குத் தெரியாததா? அந்த இடங்களில் பாட்டெழுதி நிரப்ப அவரால் முடியாததா? எண்ணை வைத்துவிட்டு இடத்தை விட்டுவைத்தார். என்றாவது ஒரு ஏடு கிடைத்தால் அது போய் உட்கார அந்த இடம் காத்திருக்கிறது.

இரண்டாம் முறை எழுதியபோது வேலைமுறையையே மாற்றினேன். பதிவேட்டின் படங்கள் ஒரு கோப்புறையில், யாரும் கை வைக்காதபடி. அதிலிருந்து ஏற்றிய எண்கள் இரண்டாவது கோப்பில், காலி காலியாகவே. காலிக்கு ஒரு தனி எழுத்து வைத்தேன். பூச்சியத்தை அதற்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தேன். நான் கணக்கிட்டு நிரப்பியவை மூன்றாவது கோப்பில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எந்தத் தலைப்பின் சமன்பாட்டைக் கொண்டு நிரப்பினேன், எந்தத் தேதியில் என்று ஒரு வரி. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் மூன்று மாதம் கழித்து ஒரு எண்ணின் மேல் சந்தேகம் வந்தால் ஐந்து நிமிடத்தில் பதிவேட்டுப் பக்கம் வரை போய் நிற்க முடிகிறது. இந்த வசதிக்காக எவ்வளவு சலிப்பையும் பொறுத்துக்கொள்ளலாம்.

நிரப்பிய முறை எளிமையானது. ஒரே ஒரு வெற்றிடம் மட்டும் உள்ள தலைப்பைத் தேடு. கூட்டிக் கழித்து அதை நிரப்பு. அதனால் பக்கத்துத் தலைப்பில் இரண்டாக இருந்த வெற்றிடம் ஒன்றாகியிருக்கும். அதை நிரப்பு. வெங்காயத்தை உரிப்பது போல ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் நின்றுவிடும். எஞ்சிய தலைப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று வெற்றிடங்கள். அதற்கு மேல் தொடக் கூடாது. என் பதிவுகளில் வெற்றிடங்களில் ஒரு பகுதிதான் இப்படி நிரம்பியது. மற்றவை காலியாகவே ஆய்வேட்டில் அச்சாகியிருக்கின்றன. கஜா நாள்கள் அப்படியே வெள்ளையாக இருக்கின்றன. வாய்மொழித் தேர்வில் ஒருவர் அந்த வெள்ளைப் பட்டையைச் சுட்டி என்ன இது என்று கேட்டார். புயல் என்றேன்.

கஜா எனக்கு வலைப்பின்னலிலும் ஒரு பாடம் வைத்திருந்தது. தொடக்கத்தில் அளவுகளைத் தினமும் குறுஞ்செய்தியில் வாங்க ஏற்பாடு செய்தபோது, ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பேர், இரண்டு வெவ்வேறு நிறுவனத் தொடர்பு என்று வைத்திருந்தேன். 1927இல் மெங்கர் நிறுவிய தேற்றத்தின்படி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒன்றோடொன்று இணைப்பைப் பகிராத பாதைகள் எத்தனையோ, குறைந்தது அத்தனை இணைப்புகளை வெட்டினால்தான் தொடர்பு அறும். என் படத்தில் இரண்டு பாதைகள் இருந்தன. புயலில் இரண்டும் ஒரே நேரத்தில் போயின. இரண்டு கோபுரங்களுக்கும் ஒரே மின்பாதையிலிருந்துதான் மின்சாரம். மெங்கர் சொன்னது சரி. நான் வரைந்த படம்தான் தவறு. பாதைகளை எண்ணுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாதையும் எதன் மேல் நிற்கிறது என்று கீழே இறங்கிப் பார்த்து, அதையும் ஒரு முனையாக வரைய வேண்டும். டெல்டாவில் வலைப்பின்னல் ஆய்வு செய்யப் போகிறவர்கள் மின்கம்பத்தை விட்டுவிட்டு வரைபடம் வரைய வேண்டாம்.

உருவகப்படுத்தும் நிரல்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் அதிகம் என்பதால். புதிய குறியை ஓட்டுவதற்கு முன்னால் விடை தெரிந்த குறியை ஓட்டுங்கள். ஒரு பிட்டை மூன்று முறை திரும்ப அனுப்பிப் பெரும்பான்மையை எடுத்துக்கொள்ளும் குறியில், பத்தில் ஒரு பிட் மாறும் தடத்தில், பிழை வீதம் 0.028 என்று கையாலேயே கணக்கிடலாம். உங்கள் நிரல் அதைத் தரவில்லை என்றால் வேறு எதையும் அதில் ஓட்டாதீர்கள். ஒரு புள்ளியை வரைபடத்தில் வைக்கும் முன் குறைந்தது நூறு பிழைகளாவது விழும் வரை ஓடவிடுங்கள். நூறு விழுந்தால் ஏறக்குறைய பத்து விழுக்காடு தள்ளாட்டம்தான் இருக்கும். மூன்று நான்கு பிழைகளை வைத்து வளைவு வரைந்து, வளைவு கீழே இறங்குகிறது என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிவு ஷானன் சொன்ன கொள்ளளவின் எல்லையையும் தாண்டி நன்றாக வந்துவிட்டால் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்து நிரலில் பிழை தேடுங்கள். என் அனுபவத்தில் அது எப்போதும் அனுப்பிய செய்தியையே பெறும் பக்கம் எட்டிப் பார்த்துவிடும் ஒரு வரியாகத்தான் இருந்தது. மென்பொருளுக்குக் காசு வேண்டாம். பைத்தான் நிரல்மொழியும் சேஜ் என்ற கணித மென்பொருளும் போதும், என்பிடெல் இணையப் பாடங்கள் இலவசம். சுமாரான மடிக்கணினியில், மின்சாரம் போய்ப்போய் வரும் ஊரில் இருந்துகொண்டே இந்தத் துறையில் வேலை செய்யலாம். ஓட்டம் பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி எண்களை அவ்வப்போது சேமிக்க மட்டும் பழகிக்கொள்ளுங்கள்.

அந்த லஸ்கர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். பதிவேடும் பல இடங்களில் கைப்பேசிப் படிவமாக மாறிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்த படிவம் ஒன்றில் அளவு எழுத வேண்டிய கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது. மழைநாளில் அளவுகோல் தெரியாமல் கரையில் நிற்கும் ஓர் இளைஞர் என்ன செய்வார்? நேற்று எழுதியதையே இன்றும் எழுதுவார், அல்லது பூச்சியம் போடுவார். குட்டைக் கோடு இழுக்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. நல்ல எண்ணத்தோடு செய்த படிவம்தான், முழுமையான தரவு வேண்டும் என்று. அதைப் பார்த்தபோது என் 62 பக்கங்கள் மறுபடி கண்முன் வந்தன.

இப்போது நான் பாடம் நடத்தும் கல்லூரியில் மாணவர்கள் நால்வரோடு சேர்ந்து எங்கள் வாய்க்காலுக்கு ஒரு படிவம் செய்திருக்கிறோம். திறந்ததும் முதலில் வருவது 'பார்க்க முடியவில்லை' என்ற பொத்தான். எண் எழுதும் கட்டம் அதற்குக் கீழே. பொத்தானை அழுத்தினால் காரணம் எழுதலாம், எழுதாமலும் விடலாம். முதல் வாரம் ஒருவரும் அதை அழுத்தவில்லை. அளவு எழுதாவிட்டால் கேள்வி வரும் என்ற பயம். நாங்கள் தலைப்புத் தலைப்பாகப் போய், இதை அழுத்தினால் யாரும் எதுவும் கேட்க மாட்டோம், மாறாக எங்களுக்கு உதவி என்று விளக்கினோம். மூன்றாம் வாரம் புதன்கிழமை காலை 6.20க்கு முதல் வெற்றிடம் வந்தது. காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: வெங்காயத்தாமரை.